செலினோட கால் நாள்

தபசு காலம் வந்துட்டா பினாங்குல எங்க வீட்டு அடுப்படில வெறும் கஞ்சி வாசம்தான். நெய் டப்பாவ அம்மா மேல் தட்டுல ஏத்திருவாங்க, ஈஸ்டர் வரைக்கும் பலகாரம்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அதுக்குள்ள ஒரே ஒரு தடவ, 1928ல, ஏலக்காயும் நெய்யும் மணந்துச்சு. என் தங்கச்சி செலினோட நாலாவது பொறந்தநாள். பிப்ரவரி 29ல பொறந்தவ. நாலு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற நாளு, மாதா கோவிச்சுக்க மாட்டாங்கன்னு அம்மா கேசரி கிண்டுனாங்க, அப்பா அவள ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போற டிராம்ல கூட்டிட்டுப் போனாரு. வீட்டுல அந்த நாளுக்கு "மிச்ச நாள்"னு பேரு. அவளுக்கு நான் வச்ச பேரு "மிச்சக்காரி".

அப்புறம் அவளுக்கு நாளே இல்ல. மத்த வருஷம் பிப்ரவரி 28ல கொண்டாடலாமேன்னா, பொய் நாளுக்கு தபச முறிக்கக் கூடாதுன்னு அம்மா ஒரே பிடி.

1931, பிப்ரவரி 28. ஸ்கூல்ல படிச்ச திமிருல அடுப்படியில வச்சு அவளுக்கு விளக்குறேன்: பூமி சூரியன ஒரு சுத்து சுத்தி வர முன்னூத்தி அறுவத்தஞ்சு நாளும் கூட ஒரு கால் நாளும் ஆகுது, கால் நாள காலண்டர்ல எங்க ஒட்டுறது, அதான் நாலு கால சேத்து வச்சு பிப்ரவரி வாலுல ஒட்டுறான்.

செலின் யோசிச்சா. "அப்ப வருஷா வருஷம் கால் நாள் எனக்கு வருதுல்லண்ணே? இந்த வருஷத்துத இப்பவே எடுத்துக்கறேன். நாளைக்குக் காலைல ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். அது போதும்லா."

அம்மா சிரிச்சுட்டாங்க. கை நெய் டப்பாவுக்குப் போயிருச்சு, சத்தியமா பாத்தேன். அப்படியே நின்னு என்னப் பாத்து, "படிக்கிறவன் நீ சொல்லுடா, அது சேருமா?"ன்னாங்க.

"சேராது. நாலும் சேந்தாத்தான் நாளு."

கை எறங்கிருச்சு. செலின் அழல. "சரி, அடுத்த வருஷம் முழுசா வேணும்"னா, அவ்வளவுதான்.

அந்த வருஷக் கடைசி மழையில அவளுக்குக் காய்ச்சல். ஆறே நாள்ல போயிட்டா. நாலாவது கால் மட்டும் சேரவே இல்ல. 1932ல மிச்ச நாள் வந்தப்ப தினக் காலண்டர்ல அந்தத் தாள யாரும் கிழிக்கல. மார்ச் பாதி வரைக்கும் எங்க வீட்டுல அதே தேதி.

காலேஜ் போய்த்தான் தெரிஞ்சுது, அது முழுக் கால் நாள்கூட இல்லயாம், பதினோரு நிமிஷம் கொறையுதாம். அதச் சரிக்கட்டத்தான் நூறு வருஷத்துக்கு ஒருக்கா மிச்ச நாளையே விட்டுர்றாங்க, 1900ல அப்படித்தான் விட்டாங்க, நானூறாவதுல மட்டும் வச்சுக்கறாங்க. ஆறு மணி நேரம்கூட தேறாத ஒண்ணத்தான் நான் அவளுக்கு இல்லைன்னேன்.

இன்னைக்கு 1939, மார்ச் ஒண்ணு. டிராம எடுத்துட்டாங்க. அம்மா இப்ப மாசக் காலண்டர்தான் மாட்டுறாங்க, தெனம் கிழிக்க ஒண்ணும் இல்ல. காலைல ஆறு மணிக்கு இத எழுத உக்காந்தேன். பன்னெண்டுக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. அவ நேரம் முடிஞ்சுருச்சு. அடுப்படிலேர்ந்து கஞ்சி வாசம் வருது.