ஈரத்துணி படாத வீடு

அப்போதெல்லாம் என் தங்கை வீட்டுக்குள் வெறுங்காலோடு ஒரு சுற்று வந்தால் உள்ளங்கால் கறுத்துவிடும். தார்நாகாவில், ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் தெருவில், மூன்றாவது மாடியில் இருக்கிறது அவள் வீடு. அவளை அழுக்குப் பிடித்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையும் மாலையும் பெருக்குவாள், காய்ந்த துணியால் மூலை முடுக்கெல்லாம் தட்டுவாள். ஆனால் தரையில் ஈரத்துணி மட்டும் படக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் பாத்திரம் தேய்த்துவிட்டு வாளியைத் தேடுவார்கள். வேண்டாம் என்றால் சந்தோஷப்படாமல், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். ஒருவர் ஊருக்குக் கிளம்பிப் போனால், அவர் பத்திரமாகச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைக் கழுவக் கூடாது. சவம் எடுத்த வீட்டைத்தான் உடனே கழுவிவிடுவார்கள். உயிரோடு கிளம்பினவர் பின்னாலேயே தண்ணீரை ஊற்றினால், நீ திரும்பி வராதே என்று சொன்ன மாதிரி.

அப்பா மெட்ராஸிலிருந்து தெலுங்குச் சீமைக்கு வந்து லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். யாராவது மெட்ராஸ் ரயில் ஏறிவிட்டால் அம்மா வாளியைத் தொடாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "காஜிபேட்டை தாண்டியிருக்கும்" என்று அவளாகத் தீர்மானித்த பிறகுதான் தரைக்குத் தண்ணீர். காஜிபேட்டைக்கு அப்பால் ரயிலுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு யார் உத்தரவாதம் கொடுத்தார்களோ தெரியாது. சமையலறையில் சாம்பார் கொட்டினாலும் காஜிபேட்டை வந்தாக வேண்டும். இதை வைத்து நான் அம்மாவைச் செய்த கேலிக்கு அளவில்லை. தங்கை ஒருநாளும் கேலி செய்ததில்லை.

விமானத்துக்குத்தான் காஜிபேட்டை கிடையாது.

தங்கையின் கணவர் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். அதிகம் பேச மாட்டார், என் சமையலை மட்டும் வாய்விட்டுக் குறை சொல்வார். வெளிநாட்டில் ஏதோ கூட்டம் என்று கிளம்பினார். தங்கையும் அவள் மகளும் ஷம்ஷாபாத் விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். நடுவில் ஓர் ஊரில் வேறு விமானம் மாற வேண்டும். மாறி உட்கார்ந்ததும் போன் செய்தார். அந்த விமானம் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது ரேடாரிலிருந்து மறைந்தது. அதற்கப்புறம் அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

முதல் சில நாட்கள் வீடு நிறைய ஜனம். துக்கம் விசாரிப்பதா தைரியம் சொல்வதா என்று வந்தவர்களுக்கே தெரியவில்லை. செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்தார்கள். டிவியில் கடலைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது என்றார்கள், அது ஏதோ கப்பல் கொட்டியது. வெள்ளையாக ஏதோ மிதக்கிறது என்றார்கள், அது அறுந்துபோன மீன்வலை. ஒவ்வொரு தடவையும் தங்கை நாற்காலியின் நுனிக்கு வருவாள், பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்துகொள்வாள். அந்த டிவிக்காரர்களை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அவள் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் தினமும் வந்தார். கறுப்புப் பெட்டி தண்ணீருக்கடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், பேட்டரி தீரும்வரை அதன் சத்தத்தைக் கப்பல்கள் கேட்கப் பார்க்கும் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். பேட்டரி தீர்ந்தது. அப்புறம் ஒருநாள் தாம்பாளம் கேட்டு வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றி, நாலு கறிவேப்பிலையைப் போட்டு ஊதினார். விழுந்தது ஓர் இடம், ஒதுங்குவது ஓர் இடம், அதனால்தான் தேடுவது கஷ்டம் என்றார். நல்ல மனிதர், பாவம், அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது. தங்கை அந்தத் தாம்பாளத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்துபோய் அதைக் கவிழ்த்துவிட வேண்டும் போல் இருந்தது.

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வெகு காலம் கழித்து, எங்கோ ஒரு தீவின் கரையில் சிறகின் துண்டு ஒன்று ஒதுங்கியது. அந்த விமானத்துடையதுதான் என்று உறுதியும் செய்தார்கள். ஆனால் ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கப்பல்கள் கடலடியை அலசிப் பார்த்துவிட்டு, முடியாது என்று திரும்பின. எல்லாரும் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். பிறகு வேறொரு கம்பெனி தேடப் போவதாகச் செய்தி வந்தது. போனார்கள், அவர்களும் திரும்பினார்கள்.

மெட்ராஸிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவளுடைய நெற்றிக் குங்குமம் அவர்கள் கண்ணை உறுத்தியது. அதைத் தொட உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டு, காபி ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன். குங்குமம் அவள் இஷ்டம். ஆனால் எனக்கும் அந்தத் தரையைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் மகன் கல்யாணம் முடிந்த கையோடு அங்கே வந்து தங்க ஆரம்பித்தேன், தினமும் தும்மினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"எத்தனை வருஷம்டி இந்தப் புழுதியிலயே உக்காந்திருப்ப?"

அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: "செய்தி வரலையேக்கா."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

தன் அப்பா போனபோது கல்லூரியில் சேர்ந்திருந்த தங்கை மகள், படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். விமானத்தில் மட்டும் ஏற மாட்டாள். டில்லியில் பரீட்சையா, பம்பாயில் பயிற்சியா, எல்லாம் ரயில்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. போன வருஷம் அவளுக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அந்த நாட்டுக்கு ரயில் கிடையாது. முதலில் என்னிடம் வந்து பாதி தெலுங்கிலும் பாதி ஹிந்தியிலும் அழுதாள். போனால் அம்மா செத்துவிடுவாள், போகாவிட்டால் நான் செத்துவிடுவேன் என்பது அதன் சாரம். பெரியம்மா நீங்கள் சொல்லுங்கள் என்றாள். உன் வாயால் நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

சொன்னாள். தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போக வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண் ஆயுசுக்கும் இங்கேயே இருந்துவிடுவாள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். மகள் கிளம்பும்போது, இறங்கினதும் போன் பண்ணு என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. "ஹவ் மம்மி, டென்ஷன் நக்கோ" என்றாள் அவள், சரி, கவலை வேண்டாம் என்று எங்கள் ஊர் ஹிந்தியில்.

மறுநாள் காலை தங்கை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விமானங்கள் போவதைக் காட்டும் ஆப் ஒன்றை மகள் என் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். தங்கை அதைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். நான் ஒரு கையில் காபியும் ஒரு கையில் போனுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குட்டி மஞ்சள் விமானம் கடலுக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று காணவில்லை.

கடல் நடுவில் சில சமயம் அப்படித்தான் ஆகும், பயப்படாதீர்கள் என்று தங்கை மகள் முன்னாலேயே சொல்லியிருந்தாள். அது மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. தம்ளர் நழுவி, காபி முழுக்கத் தரையில். சத்தம் கேட்டு வேலைக்காரப் பெண் சமையலறையிலிருந்து ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"நக்கோ" என்று கத்தினேன்.

கத்தியது நான்தான். அம்மாவை அத்தனை கேலி செய்த அதே வாய். அந்தப் பெண் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். அவள் மறுபடி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். காபியின் மேல் பழைய பேப்பரை விரித்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் எறும்பு வந்தது. எறும்பைக்கூட யாரும் விரட்டவில்லை. அவ்வளவு பயத்தை அவள் இத்தனை வருஷமாகத் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியபின் தங்கையின் போன் அடித்தது.

"இறங்கிட்டேன் மம்மி. இங்க குளிர் பயங்கரம்."

ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், முதலில் ஏதாவது சாப்பிடு என்று சொல்லிவிட்டு தங்கை போனை வைத்தாள். பிறகு எழுந்து குளியலறைக்குப் போனாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியும் துணியுமாக வெளியே வந்தாள். வேலைக்காரப் பெண் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. உள்ளறையில் அவருடைய புத்தக அலமாரிக்குக் கீழே ஆரம்பித்தாள். முதல் தண்ணீர் கன்னங்கரேலென்று ஆனது. கொட்டிவிட்டு வேறு பிடித்தாள், மறுபடியும் கொட்டினாள். மொசைக்கில் பச்சைப் புள்ளிகள் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு முழமாகத் தவழ்ந்து கூடத்துக்கு வந்து, பேப்பரை எடுத்துவிட்டுக் காபிக் கறையைத் தேய்த்தாள். பிறகு முட்டி போட்டபடியே சற்று நின்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அவரும் எங்கேயோ இறங்கிட்டார்க்கா. சொல்லத்தான் முடியல அவரால."

எனக்கு அழுகை வந்தது. அவள் துணியைப் பிழிந்து உதறிவிட்டு என் நாற்காலிக்கு அருகில் வந்தாள்.

"காலைத் தூக்குக்கா, துடைக்கணும்" என்றாள்.

தூக்கிக்கொண்டேன்.