அவள் கனவுக்கு மட்டும் வந்த தம்பி

தம்பியின் காரியங்கள் முடிந்தபின் வாரம் தவறாமல் சனிக்கிழமை சாயங்காலம் தேனியில் பஸ் ஏறி சுருளிப்பட்டிக்குப் போய்விடுவேன். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. அதற்கு முந்தின வருடம்தான் அப்பா போயிருந்தார். வீட்டில் அம்மாவும் தம்பி மனைவியும் மட்டும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டை அம்மா முன்னால் வைத்ததுமே தம்பி மனைவி ஆரம்பிப்பாள்.

"நேத்தும் அவுக கனவுல வந்தாக அத்த. அம்மா சாப்பிட்டுச்சான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"காலையில சாப்பிட்டுருவாகன்னு சொல்லிருக்கேன்."

அம்மா இட்லியைப் பிட்டு வாயில் போடுவாள். எனக்கு வயிறு எரியும். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். வாய்க்கால் கரையில் சைக்கிள் பழக்கிவிட்டதும் நான்தான். நேற்று வந்த இவளிடம் தினமும் வருகிறான், என்னிடம் ஒருநாள் எட்டிப் பார்க்கவில்லை. அவன் துண்டைத் தலைமாட்டில் வைத்துக்கூடப் படுத்துப் பார்த்தேன். துக்கம் கேட்க வந்தவர்களும் அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என்னிடம், "அந்தப் புள்ளையப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள், அவன் கனவில் வாய்விட்டுச் சிரித்ததாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்துக்குப் போனவளின் பின்னாலேயே போய், பந்தலுக்கு அடியில் நிறுத்திக் கேட்டேன்.

"ஒங்கிட்ட மட்டும் தெனம் வர்றானாக்கும்? நாங்கல்லாம் அவனுக்கு யாரு?"

கையிலிருந்த கொடி வெட்டும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"எங்கிட்டயும் ஒருநாகூட வரல மதினி. அத்த சோத்தத் தொடவே இல்ல. அவுக கேட்டாகன்னு ஒருநா சும்மா சொன்னேன், சாப்பிட்டாக. அப்புறம் நிறுத்த முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெசமாவே வந்தாகன்னா நா எதுக்கு மதினி இங்கன வந்து வெயில்ல நிக்கப் போறேன்? கண்ண மூடிப் படுத்தே கெடக்க மாட்டேனா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். ஆனால் முதலில் வந்தது இரக்கம் இல்லை, நிம்மதிதான்: அவளிடமும் அவன் போகவில்லை. அடுத்த நிமிடமே வேறொரு பொறாமை. வாராவாரம் நான் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் சுமந்து வந்தேன், அம்மா தொடவில்லை. அம்மாவைச் சாப்பிடவைக்க இவளுக்குத்தான் வழி தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு, அம்மா சாப்பிட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"ஒங் கனவுல வரலையா ஆத்தா?"

அடுப்படியில் தம்பி மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"இல்லம்மா. அவகிட்ட மட்டுந்தான் வர்றான்" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். "பொண்டாட்டிகிட்டதான் வருவான். நீ வெசனப்படாத."

அது பொய்யென்று தெரிந்த எனக்கே அந்தப் பேச்சு சுட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.