சாமியைப் பாதியில் நிறுத்தாத சாலமன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்று கீரைக்கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரங்கல் செய்தி சொல்லும் ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. என்ன சொல்கிறது என்று புரிவதற்கு முன்பே அது யாருடைய ஒலிபெருக்கி என்று தெரிந்துவிட்டது. போன ஆடி மாதம் வேப்பமரத்துக் கிளையில் இடித்து நசுங்கிய குழாய் அது. அன்றிலிருந்து அதில் ஒரு கரகரப்பு உண்டு. "மைக் செட் சாலமன் அவர்கள் இன்று அதிகாலை..." என்று அந்தக் குழாய் தன் சொந்தக்காரரின் சாவையே ஊருக்குச் சொல்லிக்கொண்டு போனது.

"அய்யய்யோ, நேத்துகூட டீக்கடையில குந்திக்கினு சிரிச்சிக்கினு இருந்தாரே" என்றார் கீரைக்காரம்மா. நெஞ்சுவலியாம். என்னைவிட ஆறு வயது சின்னவர்.

உத்திரமேரூரிலும் சுற்று ஊர்களிலும் சாலமனைத் தெரியாதவர்கள் குறைவு. கோயில் திருவிழா, மாதா தேர், கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள்தான் முதலில் வந்து இறங்கும். ஆனால் அவரை நினைத்தால் உங்கள் காதில் முதலில் கேட்பது சாமி பாட்டாக இருக்காது. அந்த இங்கிலீஷ் பாட்டுகளாகத்தான் இருக்கும். பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க அவர் எப்போதும் போடுவது அந்த ஒரே தொகுப்பு. டமடமவென்று ட்ரம்ஸ் கிளம்பும், கிட்டார் ஒன்று கீச்சிடும், பிறகு அடிவயிற்றிலிருந்து ஒருவன் கத்துவான். அதைக் கேட்டதும் என் நாத்தனார், "சாலமன் பொட்டி எறக்கிட்டாரு, புடவய மாத்துங்கடி" என்று கிளம்பிவிடுவாள். பத்திரிகையில் போட்ட நேரத்தை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. ஒரு மார்கழி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் பஜனைக்குப் பெட்டி வைக்க வந்தவர், சந்நிதிக்கு நேர் எதிரே அந்தக் கூச்சலைப் போட்டுவிட்டார். நான் விளக்குத் திரியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

"இன்னா தம்பி இது, அம்பாள் முன்னாடி? சாமி பாட்டே கெடைக்கலியா உனக்கு?"

அவர் ஒயரை வாயில் கடித்தபடியே திரும்பினார். "சாமி பாட்ட வெச்சி டெஸ்ட் பண்ணா, அத நடுவுல நிறுத்தணும்கா. சாமிய பாதியில நிறுத்துனா பாவம் இல்லியா? இவனுங்கள எங்க வேணா நிறுத்திக்கலாம்."

திரும்பிப் போய்த் திரியைப் போட்டேன். அன்றிலிருந்து நான் வீட்டில் சாமி பாட்டு வைத்தால் குக்கர் கூப்பிட்டாலும் பாதியில் அணைப்பதில்லை.

அவருடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் மாதா படமும், பக்கத்திலேயே நீள முடி வைத்த நான்கு வெள்ளைக்காரர்கள் படமும் ஒட்டியிருக்கும். "இவங்க யாரு, அண்ணன் தம்பிங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஒரே பேண்டுக்கா. இருவது வருசம் பாடுனானுங்க. அதுல ஜனம் கொண்டாடுன பதினாறு பாட்டப் பொறுக்கி ஒரே கேசட்டுல போட்டுட்டான்" என்றார். அந்தக் குழுவின் பெயரை அவர் நூறு முறையாவது சொல்லியிருப்பார். என் நாக்கில் ஒரு முறைகூடச் சரியாக வந்ததில்லை. சென்னையில் ஒரு ஒலி அமைப்பாளரிடம் கூலிக்குப் பெட்டி தூக்கிய நாளில் கிடைத்த கேசட். பிறகு அது சீடியாக மாறி, கடைசியில் பென் டிரைவில் வந்து நின்றது. பாட்டு மட்டும் அதே பதினாறு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்து தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று முடிவானது. காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவை சாலமன் பேசி வைத்தார். ஒரு நாள்தான் கிடைத்தது, பன்னிரண்டு பாட்டுக்குத்தான் நேரம். எங்களிடமோ இருநூற்றுச் சொச்சம் பாட்டுகள். வீட்டு வரவு செலவு எழுதுகிற பழக்கத்தில், எந்த வெள்ளிக்கிழமை எந்தப் பாட்டை யார் தொடங்கினார்கள் என்று முதல் நாளிலிருந்து நோட்டில் எழுதி வருகிறேன். அதனால் பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குழுவில் ஒருத்தி, "நாம குடவோலை ஊருதானே, சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம்" என்றாள். "குலுக்குனா சாமிக்குப் புடிச்சது வரும். ஜனத்துக்குப் புடிச்சது வரணுமே" என்றார் சாலமன்.

நான் யாருக்கும் குறை வைக்காமல் பட்டியல் போட்டேன். பிள்ளையார், முருகன், சிவன், பெருமாள், ஆஞ்சநேயர், கடைசியில் மங்களம். அம்மனுக்கு நானே எழுதி மெட்டுக் கட்டிய பாட்டை வைத்தேன். ஒளிப்பானேன், என் ஆசை முழுவதும் அந்த ஒரு பாட்டின் மேல்தான் இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அடுப்பங்கரையில் உட்கார்ந்து பழைய துதிகளைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்ட தமிழில், ஒன்பது சரணம், எதுகை பிசகாமல் ஆறு மாதம் எழுதியது. என் பெயரோடு ஒரு பாட்டு நிற்கவேண்டும் என்று நினைத்தேன்.

சாலமன் பட்டியலை வாங்கிப் படித்தார். "இஸ்கோல்ல ஆஜர் எடுக்கிற மாரி கீதுக்கா. எல்லா சாமியும் உள்ளேன் ஐயான்னு சொல்லிட்டாங்க" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தப் பதினாறு பாட்டையும், காதில் மாட்டும் கருவியையும் கொடுத்து, ஒரு தடவை முழுதாகக் கேட்கச் சொன்னார்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் பருப்பை வேகப் போட்டுவிட்டுக் கேட்டேன். ஒரு சொல் புரியவில்லை. முதல் பாட்டு ஆளைத் தூக்கிப் போட்டது, அடுத்ததும் அப்படியே. மூச்சு வாங்குகிறதே என்று நினைக்கும்போது நான்காவதாக ஒரு மெதுவான பாட்டு வந்தது. யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற குரல். ஒன்றில் பெரிய கூட்டமே கூடச் சேர்ந்து பாடியது. அங்கே என் கால் தானாகத் தாளம் போட்டது. முடிந்ததும் பூஜை அறைக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பருப்பு குழைந்துபோயிருந்தது.

"இன்னா புரிஞ்சிதுக்கா?" என்று சாயங்காலம் கேட்டார்.

"வரிசை புரிஞ்சிது. நம்ம பட்டியல மாத்தணும்."

"மாத்தலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க பாட்டு வேணாம்கா. நல்லாத்தான் கீது. ஆனா ஒம்போது சரணமும் நீங்களே பாடிக்கினு போறீங்க. மத்தவங்க ஏறிக்கலாம்னா பஸ்சு எங்கியுமே நிக்கல."

"மைக்க மாட்டுறதோட நிறுத்திக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவரோ ஒவ்வொரு வெள்ளியும் வந்து, "வணக்கம்கா" என்று சொல்லி, என் உயரத்துக்கு மைக்கைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது தப்பு என்று காட்ட நினைத்தேன். அந்த மாதம் நான்கு வெள்ளியும், ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை பேர் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள் என்று நோட்டில் புள்ளி வைத்தேன். என் பாட்டுக்கு மூன்று புள்ளி. அதில் ஒருத்தி என் நாத்தனார். மற்றவர்கள் மரியாதையாகக் கை கூப்பிக்கொண்டு இருந்தார்கள். நான்காவது வெள்ளியன்று தனம் பாடினாள். திருப்புலிவனத்தில் நடவு வேலைக்குப் போகிறவள். வேலை முடிந்து தலைக்குக் குளித்துவிட்டு வருவாள், வாசல் பக்கமாகவே உட்காருவாள். உள்ளே வா என்று நாங்களும் அழுத்திக் கூப்பிட்டதில்லை.

"குந்து தாயே குந்து, கூழு குடிச்சிட்டுக் குந்து" என்று தொடங்கும் பாட்டு. அவளே நடவில் கட்டியது. ஐந்தே வரி. கோயிலுக்கு ஆகாத கொச்சை என்று நான் அதை நோட்டில் ஏற்றியதே இல்லை. அன்று கவனித்துப் பார்த்தேன். மண்டபம் முழுவதும் பாடியது. வெளியே டீக்கடையில் நின்ற ஆண்கள் பாடினார்கள். குருக்கள்கூட மணியை அந்தத் தாளத்துக்கு ஆட்டினார். புள்ளி வைக்க முடியாமல் பேனாவை மூடிவிட்டு நானும் பாடினேன்.

மறுநாள் சாலமன் வீட்டுக்குப் போய்ப் பட்டியலைக் கொடுத்தேன். என் பாட்டை அடித்துவிட்டு அந்த இடத்தில் தனத்தின் பாட்டை எழுதியிருந்தேன். "ஜெயிச்சிட்ட தம்பி" என்றேன்.

"நானா? தனமக்கா ஜெயிச்சாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவனுங்க நூத்துக்கு மேல எழுதிக்கீறானுங்க, பதினாறுதான் நின்னுது. மீதிய எழுதாம இருந்தா இந்தப் பதினாறு வந்திருக்குமா?" என்றார். பிறகு மனைவி மெர்சியிடம், "அக்காவுக்கு டீ போடு, சக்கர தூக்கலா" என்றார்.

ஸ்டுடியோவில் தனம் காதுக் கருவியை மாட்டிக்கொண்டதும் மிரண்டு போனாள். "யக்கா, பேஜாரா கீது. காதுக்குள்ள யாரோ பாடுறாங்க."

"அது நீங்கதான்கா" என்றார் சாலமன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நானா? பரவால்லியே" என்றாள் தனம்.

அந்தத் தொகுப்பில் பிள்ளையாருக்கு அடுத்த பாட்டு அவளுடையது. இன்று எந்த வீட்டு விசேஷத்திலும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். தனம் இப்போது எனக்குப் பக்கத்தில் உட்காருகிறாள்.

புதன்கிழமை அடக்கம். பாதிரியார் பாட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். மெர்சி சொன்னாள்: "பொட்டிய டெஸ்ட் பண்ணாம இவுரு எந்த வூட்லயும் பாட்டு போட்டதில்ல. இவுரு வூட்ல மட்டும் ஏன் வுடணும்?" முதல் இங்கிலீஷ் பாட்டு கிளம்பியது. அரை நிமிடத்தில் நிறுத்தக் கை நீட்டினார் ஒருவர். பாதிரியார் அவர் கையைப் பிடித்து, "முழுசா ஓடட்டும்" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தோம். அந்தப் பாட்டு எப்படி முடியும் என்பது ஊருக்கே அன்றுதான் தெரிந்தது.

சாலமனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். பாடும்போது நோட்டைப் பார்ப்பதை விட்டு எதிரே இருப்பவர்களின் வாயைப் பார்க்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, புதிதாகக் கட்டிய நான்கு வரிப் பாட்டு ஒன்றைத் தொடங்கினேன். முதல் வரியைப் பாடி முடித்து, வேண்டுமென்றே நிறுத்தி, காத்திருந்தேன். பிறகு தனம் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வரியைத் திருப்பிப் பாடினாள்.