இரண்டாவது கூற்று

வயது வரம்பின்படி மருமகளுக்கு அதுதான் கடைசி வங்கித் தேர்வு. திருச்சியிலிருந்த மையத்துக்குத் துணையாகப் போனவன் நான். புதுக்கோட்டையில் பேருந்து கிளம்பியதும் சும்மா இருக்க முடியாமல் அவளுடைய புத்தகத்தை வாங்கிக் கேள்வியைப் படித்தேன். லாப சதவீதத்தைக் காணத் தகவல் போதுமா? முதல் கூற்று, அடக்க விலைக்கு மேல் நாற்பது சதவீதம் ஏற்றிக் குறித்த விலையில் பத்து சதவீதம் தள்ளுபடி. இரண்டாவது, அடக்க விலை ஐந்நூறு ரூபாய்.

"மொதக் கூற்றே போதும், மாமா."

"அடக்க விலை தெரியாம லாபமா? ரெண்டும் வேணும்த்தா."

"நூறுன்னு வச்சுக்கங்க. நூத்தி நாப்பதுல பத்து சதவீதம் போனா நூத்தி இருவத்தாறு. லாபம் இருவத்தாறு சதவீதம்."

கருவூலத்தில் முப்பது ஆண்டுகள் ரசீது இல்லாத பில்களைத் திருப்பி அனுப்பியவன் நான். எதையும் நூறு என்று வைத்துக்கொண்டதில்லை. நார்த்தாமலை தாண்டியும் வாதாடினேன்.

"பரீட்சையில ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷந்தான். ஒங்களுக்குக் கீரனூரே வந்துருச்சு" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

திருமணத்துக்குப் பின் அவள் முதலெழுத்து மாறியிருந்தது. அதற்காகத் திருமணச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல்கள் என்று ஒரு கோப்பே கொண்டுபோயிருந்தேன். வாசலில் இருந்த பெண் நுழைவுச்சீட்டையும் ஆதாரையும் மட்டும் பார்த்தார்.

"இது போதும் சார். அவங்க உள்ள போகட்டும், கையை விடுங்க."

விட்டேன். கேட்டைச் சாத்தினார்கள். வெயிலில் நின்று, கோப்பின் மேலட்டையில் ஐந்நூறை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் இருபத்தாறுதான் வந்தது.