டெஸ்டர் வாங்கிய மீன்தொட்டி விளக்கு

தெருவில் அவருக்கு டெஸ்டர் என்று பெயர். கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற சின்னத் திருப்புளி எந்நேரமும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட அதோடுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் வயரிங் வேலையை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறார். யாராவது ஒரு பல்பு மாட்டித் தரச் சொன்னால்கூடத் தோள்வலி என்று நழுவிவிடுவார். தொழில் தெரிந்த மனுஷன் இப்படிப் பயப்படுகிறாரே என்று சிரிப்பார்கள். தொழில் தெரிந்ததால் வந்த பயம் அது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அம்மா நாள்முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்று மகள் ஒரு மீன்தொட்டி வாங்கிவந்து, கட்டிலை ஒட்டிப் பழைய தையல் மிஷின் மேசையில் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். விரல்நகம் அளவில் ஆறு மீன். ஒரு கட்டையில் நூலால் கட்டிய தடித்த இலைச் செடிகள். அந்த அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். மத்தியானம் கொஞ்சநேரம் வெளிச்சம் எட்டிப் பார்க்கும், உட்காராத விருந்தாளி மாதிரி உடனே கிளம்பிவிடும்.

காலையில் எழுந்ததும் அந்த அம்மா படுத்தபடியே வலதுகையைத் தண்ணீருக்குள் விட்டு அழுகின இலைகளைப் பொறுக்குவார். மீன்கள் வந்து விரலைக் கொத்தும். எழுந்து உட்கார்ந்து சாமி கும்பிட முடியாத எனக்கு ஆண்டவன் கொடுத்த பிரார்த்தனை இது என்பார்.

இரண்டாம் மாதம் இலைகள் மஞ்சளாகி ஓட்டை விழ ஆரம்பித்தன. வெளிச்சம் போதவில்லை, ஒரு விளக்கு போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று மனைவி சொன்னபோது டெஸ்டர் தொட்டியையும் மனைவியின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். தண்ணீர், கரண்ட், இவள் கை, மூன்றும் ஒரே இடத்திலா? பார்க்கலாம் பார்க்கலாம் என்று பத்து நாள் கடத்தினார். பதினோராம் நாள் காலை ஒரு தட்டு நிறைய அழுகல் இலையை அவரிடம் நீட்டிவிட்டு, அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் டெஸ்டர் தாங்கியிருப்பார். நேரே வளர்ப்புமீன் கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூன்று விளக்கு காட்டினார். தொட்டி நீளத்துக்குக் கலர் கலராக எரிகிற ஒன்று. அதன் விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டார். இரண்டாவது, சாதாரண பல்பு மாட்டுகிற கிளிப் ஹோல்டர். மூன்றாவது, போன் சார்ஜரில் எரியும் அரையடிப் பட்டை விளக்கு. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும், ஈரம் உள்ளே போனால் என்ன ஆகும், எலி வயரைக் கடித்தால் என்ன ஆகும் என்று துருவினார்.

"அண்ணே, லைட்டு வாங்க வந்தீங்களா, எம்மேல கேஸ் போட வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

தெரிந்த பேயே மேல் என்று கிளிப் ஹோல்டரை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் அதைத் தொட்டியில் மாட்டவில்லை. அறுந்து விழுந்தாலும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று, எட்டடி உயரத்தில் உத்தரத்து வளையத்தில் இரண்டு கயிறு போட்டுக் கட்டினார். தொட்டியின்மேல் கண்ணாடி மூடி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். விளக்கு எரிந்தது. பூச்சிகள் வந்தன, பூச்சியைத் தேடிப் பல்லிகள் வந்தன. தொட்டிக்குள் மட்டும் இருட்டு அப்படியே இருந்தது.

"ஏங்க, லைட்டு மீனுக்கா பல்லிக்கா?" என்று கேட்டார் மனைவி.

அதற்கு அவர் செய்த பரிகாரம், பெரிய பல்பு. காலையில் வண்டி ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது போட்டால் சாயங்காலம் திரும்பிவந்துதான் அணைப்பார். கண் கூசுகிறது என்று அந்த அம்மா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார். பத்தே நாளில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. மீன் எது இலை எது என்று தெரியவில்லை. கடைக்காரரிடம் போய் முறையிட்டபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். அது நிழலில் வளருகிற செடி, ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம் சின்ன வெளிச்சம், அதுவும் பக்கத்திலிருந்து கிடைத்தால் போதும், இப்படி வெயில் காயப்போட்டால் பாசிதான் பிடிக்கும் என்று விளக்கி, அந்தப் பட்டை விளக்கைக் கையில் திணித்தார்.

"அஞ்சு வோல்ட்டுதாண்ணே. கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

ஐந்து வோல்ட்டைப் பற்றி டெஸ்டருக்குப் பாடம் தேவையில்லை. அவர் பயம் சார்ஜர்மேல். மட்டமான சார்ஜர் என்றால் சுவரில் இருக்கிற கரண்ட்டை அப்படியே வயரில் அனுப்பிவிடும். வீட்டில் கிடந்த மலிவான சார்ஜரைத் தள்ளிவைத்துவிட்டு, மகள் வாங்கித் தந்த போனோடு வந்த நல்ல சார்ஜரை எடுத்தார். பல்பையும் மூடியையும் தாளையும் கழற்றி, கண்ணாடிப் பாசியைத் துடைத்து, பட்டை விளக்கைத் தொட்டி விளிம்பில் மாட்டினார். நீள வயர் போட்டு, தொட்டிக்கு எதிர்ச்சுவரில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் செருகினார். வயரில் தண்ணீர் வழிந்தால் பிளக்குக்குப் போகாமல் தரையில் சொட்டட்டும் என்று, நடுவில் தொங்கலாகத் தாழ விட்டார். சட்டைப் பைத் திருப்புளியால் நாலு இடம் தொட்டுப் பார்த்தார். கரண்ட் இல்லை. விளக்கு மட்டும் மெல்லிசாக எரிந்தது. செடிக்கடியில் ஒளிந்திருந்த மீன்கள் தெரிந்தன.

"அப்பாடா" என்று மனைவி கையைத் தண்ணீர்ப்பக்கம் நீட்டினார்.

"கைய வைக்காதே" என்று டெஸ்டர் கத்தியே விட்டார்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை. மனைவி கையை இழுத்துக்கொண்டு, கோபப்படாமல், கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னார்.

"எதைப் பாத்து இப்படிப் பயப்படறீங்க? சொல்லிடுங்க."

கூட வேலைபார்த்த கூட்டாளி மோட்டார் கோளாறில் செத்துப்போனான் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டெஸ்டர் தலையைக் குனிந்தபடி மீதியைச் சொன்னார். ஒரு துணி வெளுக்கும் கம்பெனி மோட்டார் அறை, முழங்கால் அளவு தண்ணீர். வயரில் கை வைப்பதற்குமுன், கரண்ட் வராதபடி பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கை வைக்கிறவன் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அது தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு அவர் பிடுங்கினார். பையில் போடவில்லை, கூட்டாளியிடமும் கொடுக்கவில்லை, போர்டுமேல் வைத்தார். வைத்துவிட்டு டேப் எடுக்க வெளியே போனார். தண்ணீர் வரவில்லையே என்று வந்த யாரோ கட்டை கழன்று கிடப்பதைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்துத் திரும்பச் செருகிவிட்டார்கள்.

"எடுத்துட்டேன், கை வைடான்னு நான்தான் சொன்னேன்" என்றார். "நான் சொன்னத நம்பித்தான் வெச்சான்."

அந்த அம்மா அழவில்லை. பதினோரு வருஷமாக இந்த மனுஷன் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாரே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அந்தக் கூட்டாளி வீட்டில் இது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று டெஸ்டர் தலையாட்டினார். நான் நடக்க ஆரம்பித்ததும் இரண்டுபேரும் போவோம், அவன் பெண்டாட்டியிடம் நீங்கள் சொல்லவேண்டும் என்றார். அது அவருக்கு இன்னொரு பயம். ஆனாலும் சரி என்றார்.

"இப்ப அந்த சார்ஜரப் புடுங்கி எங்கையில குடுங்க."

அவர் பிடுங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அறை மங்கியது. அந்த அம்மா சார்ஜரை இடதுகைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, வலதுகையைத் தண்ணீருக்குள் விட்டார்.

"இதானே உங்க பாடம்? இனிமே தினம் இப்படித்தான். எங்கையில இருக்கற வரைக்கும் யாரும் வந்து சொருக முடியாது பாருங்க."

அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. காலையில் சார்ஜர் முதலில் அவர் மனைவியின் உள்ளங்கைக்குப் போகும். இலை பொறுக்கிக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சுவருக்குத் திரும்பும். ஆறு மணிநேரம் எரியும். பாசி குறைந்துவிட்டது. கட்டையில் இளம்பச்சையாக ஒரு சுருள் இலை விட்டிருக்கிறது என்று மகளுக்குப் போனில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

டெஸ்டருக்குப் பயம் விட்டுப்போகவில்லை. தினமும் மனைவியின் வலதுகை தண்ணீரில் இருக்கும்வரை அவர் அந்த இடதுகை முஷ்டியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. நேற்று டாக்டர் வந்து, அடுத்த வாரம் கம்பு ஊன்றி நடக்கலாம் என்று சொன்னார். மனைவி இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "போகலாம்" என்றார்.