மொகாஷியின் தாளில் சிவப்பு இல்லை

மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர் திகம்பர் ஷேல்கே. புனே பக்கத்துப் போசரியில் பேடேகரின் டிசைன் ஆபீஸில் இருபத்தாறு வருடம் அதே வேலை. கார்க் கதவோ இருக்கையோ, இரும்புத் தகட்டில் அடித்தெடுக்கிற எதற்கும் ஒரு டை, அதாவது இரும்பு அச்சு, வேண்டும். அந்த டையை அமெரிக்காவில் ஒரு பட்டறை செய்யும். அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு துளைக்கும் தலையைப் பிய்த்துக்கொண்டு வரைந்து அனுப்புவது போசரியின் இந்த மூன்றாம் மாடி. ஆனால் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் அந்த ஊர்க்காரன் எவனோ ஒருவனின் முதலெழுத்துதான் இருக்கும். அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய்.

வரைந்து முடித்த படம் அச்சாகி ஷேல்கேயின் மேசைக்கு வரும். சரியான அளவின் மேல் மஞ்சள் பூசுவார், தப்பின் மேல் சிவப்புக் கோடு போடுவார். சிவப்பு விழுந்த தாள் வரைந்தவரிடமே திரும்பிப் போகும். அவர்தான் திருத்த வேண்டும். சரிபார்க்கிற செக்கர் அடுத்தவனின் கம்ப்யூட்டர் கோப்பில் கை வைக்கவே கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம்தான், ஆனால் அந்தத் தொழிலில் யாரும் மீறாத சட்டம்.

ஷேல்கே அதை ஏறக்குறைய ஒரு வருடமாக மீறிக்கொண்டிருந்தார். எல்லாம் ஸ்ரீபாத் மொகாஷிக்காக.

இருவரும் ஒரே வருடம் ஐடிஐ முடித்தவர்கள். ஒரே பட்டறையில் டை ஃபிட்டராக நின்று விரலைக் கிழித்துக்கொண்டவர்கள். ஒரே ஸ்கூட்டரில் வேலைக்கு வருகிறவர்கள். மொகாஷி வரைந்த டை முதல் அடியிலேயே சரியான துண்டைக் கொடுக்கும் என்று அமெரிக்காவரைக்கும் பேச்சு இருந்தது. ஆள் யாரென்று தெரியாமலே பேசினார்கள், அது வேறு கதை.

போன வருடம் ஹோலிக்கு முந்தின வாரம், மொகாஷியின் தாளில் இடப்பக்கம் இருக்க வேண்டிய ஒரு துளை வலப்பக்கம் இருந்தது. மறுநாள் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மனிதர் பேடா டப்பாவோடு மேசை மேசையாகச் சுற்றி அழைத்துக்கொண்டிருந்தார். ஷேல்கே சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். தானே கோப்பைத் திறந்து துளையை நகர்த்தி, வேறு தாள் அச்செடுத்து மஞ்சள் பூசிவிட்டார். இந்த ஒரு தடவைதானே என்று நினைத்தார்.

அடுத்த மாதம் இரண்டு வந்தது. மழைக்காலத்தில் தாளுக்குத் தாள் வந்தது. எல்லாம் ஒரே ஜாதித் தப்பு, இடமும் வலமும் மாறிப் போவது. அதே சமயத்தில் முதலாளி பேடேகர், எல்லோர் காதிலும் விழும்படி பேச ஆரம்பித்திருந்தார்.

"வயசானா கை நடுங்கத்தான் செய்யும். ஒரு தாள்ல அஞ்சு சிவப்பு வந்தா, அடுத்த பிராஜெக்ட்ல அவங்க பேர் இருக்காது. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

மொகாஷிக்கு வயது ஐம்பத்திரண்டு. வேறு வேலை யார் கொடுப்பார்கள்? ஷேல்கே வாயை மூடிக்கொண்டு திருத்தினார். தன் நண்பனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்றும் அறியாத மொகாஷியோ டீக்கடையில் அவரைச் சீண்டுவார். "என்னடா திக்யா, மாசக்கணக்கா என் தாள்ல சிவப்பே காணோம். உன் பேனா காஞ்சு போச்சா?"

"எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு ஷிர்யா. அதான் நீ தப்பிச்சே."

ஸ்கூட்டரையும் அப்போது ஷேல்கேதான் ஓட்டினார். இடது பக்கம் திரும்பச் சொன்னால் மொகாஷி வலது பக்கம் திரும்பினார். "நீ ஓட்டினா நாம ஆளந்திக் கோயில்லதான் போய் நிப்போம். பஜனை பாட எனக்கு இப்போ நேரமில்லை" என்று ஷேல்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மொகாஷி சிரித்தார். ஷேல்கேயும் சிரித்தார். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க மறுக்கிறவனுக்குச் சிரிப்பு நன்றாகவே வரும்.

நவம்பரில் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு ஷேல்கே ஐந்து நாள் சாத்தாரா போனார். அந்த ஐந்து நாளில் ஒரு கதவுக் கொண்டி வந்தது. இடது கதவுக்கான படத்தைக் கொடுத்து, இதைத் திருப்பி வலது கதவுக்கு டை வரையுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மொகாஷி திருப்பாமல் அப்படியே வரைந்துவிட்டார். இன்னொரு செக்கர் தாளைப் பார்த்தார். மொகாஷியின் தாளில் சிவப்பை யார் பார்த்திருக்கிறார்கள் என்று மேலோட்டமாக மஞ்சள் பூசி அனுப்பிவிட்டார்.

ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வலது கதவில் வைத்துப் பிடித்த கொண்டி, உள்ளே போக வேண்டிய காது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஆபீஸே கூடி நின்று பார்த்தது. மொகாஷி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரியாத்தானே இருக்கு?"

தமாஷ் பண்ணுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஷேல்கே மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலையே மொகாஷியின் மனைவி உஜ்வலாவிடம் போய், "வஹினி, இவனை நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்" என்றார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, தலைசுற்றல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

தலையைப் படம் எடுத்துப் பார்த்ததில் கட்டி தெரிந்தது. டாக்டரம்மா மொகாஷியை இடது கையைத் தூக்கச் சொன்னார். அவர் வலது கையைத் தூக்கினார், அதுவும் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல முழு நம்பிக்கையோடு.

"இந்தக் குழப்பம் எப்போலேர்ந்து? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு மாசத்துல இவ்வளவு வளர்ந்திருந்தா அது ஒரு மாதிரிக் கட்டி. மெதுவா வளர்ந்ததுன்னா வைத்தியமே வேற."

"இப்போதான் டாக்டர், போன மாசத்துலேர்ந்துதான். என் பொழைப்பே இடம் வலம் பாக்குறதுதானே? ஒரு வருஷத் தாளு ஆபீஸ்ல இருக்கு. ஒரு சிவப்பு கிடையாது." மொகாஷி பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "நம்பலேன்னா இவனைக் கேளுங்க. இவன்தான் செக்கர்."

மூன்று பேரும் ஷேல்கேயைப் பார்த்தார்கள்.  அவருக்கு அறையை விட்டு எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"போன வருஷம் ஹோலிக்கு முன்னாடிலேர்ந்து" என்றார். "நான்தான் திருத்தினேன். அவனுக்குத் தெரியாது."

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். உஜ்வலாதான் கேட்டார், அவருக்குக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. "அப்பவே வந்திருந்தா?"

"அப்போ சின்னதா இருந்திருக்கும்மா. முழுசா எடுத்திருக்க வாய்ப்பு இருந்துச்சு. இப்போ பேச்சு இருக்கிற இடம் வரைக்கும் போயிருக்கு. முடிஞ்சதை எடுக்கலாம், மிச்சத்தை விட்டுத்தான் ஆகணும்."

வெளியே வராந்தாவில் மூவரும் உட்கார்ந்தார்கள். உஜ்வலா ஷேல்கே பக்கம் திரும்பவே இல்லை. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போய்விட்டார். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மொகாஷி கேட்டார்.

"எத்தனை இருந்துச்சு?"

"எது?"

"நீ போடாம விட்ட சிவப்பு."

செக்கருக்கு எண்ணிக்கை மறக்காது. "இருநூத்திப் பதினாலு."

மொகாஷி தலையை ஆட்டினார். முகத்தில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் ஷேல்கே காலிலாவது விழுந்திருப்பார்.

"ஒண்ணு போட்டிருந்தா போதுமேடா, திக்யா."