பொட்டு வைத்த மைக்

பஞ்சவர்ணத்தின் காரியம் முடிந்து, பந்தல்காரர் கீற்றைப் பிரித்துக்கொண்டு போன அன்று சாயங்காலம், மகள் பேபி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா துலுக்கானத்திடம் கேட்டாள்.

"இன்னா நைனா, இவ்ளோ கேசட்டு கீது. அம்மா பேசினது ஒண்ணுகூடவா இல்ல?"

 அந்தக் கேசட்டுகளில் இருந்தது அத்தனையும் துலுக்கானம் வாசித்த மாண்டலின். பஞ்சவர்ணம் ஏதாவது பேச வந்தால், "உஷ்! ரெக்கார்டிங்" என்று விரலைத் தூக்கியவரும் அவர்தான். இத்தனை வருஷமும் ஒரு மனுஷியின் குரல் டேப்பில் ஏறிவிடாமல் காவல் காத்துவிட்டு, இப்போது அலமாரியில் தேடினால் எங்கிருந்து வரும்? பேபி கேட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். கேள்வி மட்டும் ஆவடி பக்கத்துச் சேக்காட்டு வீட்டிலேயே தங்கிவிட்டது.

துலுக்கானம் பாடியில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டினார். அது வயிற்றுக்கு. ஆடி மாதம் பிறந்துவிட்டால் ஆவடி, அம்பத்தூர் பக்கத்து அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவோடு மாண்டலின் வாசித்தார். அது மனசுக்கு. ஆனால் மேடையில் அந்த வாத்தியம் படும் பாடு அவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் டிரம்ஸ், இன்னொரு பக்கம் கீபோர்டு. நடுவில் மாட்டிக்கொண்ட மாண்டலின் வாசிக்கிறவன் காதிலேயே விழாது. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட பஞ்சவர்ணம் ஒரு தடவை வீட்டுக்கு வரும் வழியில், "நெஜமாலுமே வாசிச்சியா மாமா, இல்ல சும்மா கையை ஆட்டிகினு இருந்தியா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

அன்று பிடித்தது அந்த ஆசை. தன் மாண்டலினைத் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி கேசட்டில் பிடித்து, அவள் காதில் கேட்கவைக்க வேண்டும்.

எண்பத்தாறாம் வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், பஞ்சவர்ணத்தையும் கூட்டிக்கொண்டு மைக் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனார். தோளில் மாண்டலின் பை. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சட்டைக்கு இஸ்திரி வேறு.

"மேடை மைக்கு வாய்கிட்ட வெச்சிகினு கத்தறவனுக்குண்ணே," என்றார் கடைக்காரர். "நரம்பு வாத்தியத்துக்குக் கண்டென்சர் மைக்குதான். நகம் ஒரசறதுகூட உழும்."

இரண்டு மைக்கை எடுத்து வைத்தார். ஒன்று பென்சில் கணக்காக ஒல்லி, புதுசு. இன்னொன்று ஏதோ ஸ்டுடியோவில் உழைத்துவிட்டு வந்த பழசு. குண்டாக, தலையில் கம்பிவலையோடு இருந்தது. கம்பெனிப் பேர் போட்ட வில்லை எப்போதோ உதிர்ந்துபோய், முன்னும் பின்னும் ஒரே மாதிரி மொட்டையாக இருந்தது. துலுக்கானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டிலும் வாசித்துப் பார்த்தார். ஒல்லி மைக்கில் மாண்டலின் கொசு மாதிரி கீச்சிட்டது. பழசில் நரம்போடு மரத்தின் சத்தமும் கூடவே வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் முடிவு அவள் சொல்லட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிப் பஞ்சவர்ணத்தின் தலையில் மாட்டினார்.

அவள் கை அசைந்தது. "அய்ய, என் வளையலா இது? காதுக்குள்ளயே குலுங்குது மாமா!" என்றவள், அதையும் மைக் சொல்லிக்காட்டியதும் முகத்தைச் சுளித்தாள். "ச்சீ, என் கொரலா இது? தகர டப்பா கணக்கா கீது. தோ பாரு, நீ இன்னா வோணா புடிச்சிக்கோ. என் கொரல மட்டும் புடிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

அந்தக் கடையிலேயே, அவள் தலையில் அடித்து அவர் சத்தியம் செய்தார். பாவி மனுஷன், அதைக் காப்பாற்றியும் தொலைத்தார்.

கடைக்காரர் அந்தப் பழைய மைக்கோடு, அதற்குக் கரண்டு கொடுக்கிற சின்னப் பெட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். "இது நுனியில கேக்காதுண்ணே, வயித்துப் பக்கம் கேக்கும். அதுவும் ஒரு பக்கம்தான். வில்லை இல்லாததால சாக்பீஸ்ல கோடு போட்டுக் குடுக்கறேன். கோடு இருக்கறதுதான் மொகம். அந்தாண்ட பக்கம் செவுடு" என்றார்.

மறுநாள் பஞ்சவர்ணம் வீட்டில் இருந்த ஆயுதங்களையெல்லாம் துடைத்து வரிசையாக வைத்தாள். அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள், மாண்டலின், கடைசியில் மைக். புதுசாக வீட்டுக்கு வந்தது என்று அதற்கு மட்டும் தனிக் கவனிப்பு. ஈரத்துணியால் பளபளவென்று துடைத்து, சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். குளித்துவிட்டு வந்த துலுக்கானம் பதறிப்போனார்.

"கோடு எங்க பஞ்சு?"

"அழுக்குன்னு தொடச்சிட்டேன். கோடு இருந்த பக்கம்தான் பொட்டு வெச்சிக்கீறேன், போ."

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. ஆகவே சோதித்துப் பார்க்க வழியில்லை. மறுநாள் எடுத்தபோது பொட்டு இருந்த பக்கம் முகம் என்பது இருவர் மனசிலும் ஊறிப்போயிருந்தது. பொட்டு வைத்த முகத்தைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒரே அறையும் பின்னால் சமையல்கட்டுமாக இருந்த வீடு. பிளக் சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் மைக்கும் அங்கேதான் நின்றது. பொட்டு துலுக்கானத்தைப் பார்த்தது. முதுகு சமையல்கட்டைப் பார்த்தது. அப்படித்தான் அவர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, பேபியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஜன்னலை மூடி, கதவிடுக்கில் துணி சொருகி, வியர்க்க விறுவிறுக்க வாசிப்பார். போட்டுக் கேட்டால் மாண்டலின் பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல் ஒலிக்கும். ஆனால் சமையல்கட்டில் குழாய் சொட்டுவது மட்டும் காதுக்குள் சொட்டும். மைக்கைக் கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார், ஏற்றினார், இறக்கினார். சுவரில் போர்வை தொங்கவிட்டார். திருப்பி வைத்துப் பார்க்க மட்டும் கை போகவில்லை. பொட்டு வைத்ததைப் புறம் காட்டி நிறுத்துவார்களா? கடைசியில் தன் வாசிப்பின் மேலேயே சந்தேகம் வந்தது. அதைவிடச் சுலபமாக, பஞ்சவர்ணத்தின் மேல் கோபம் வந்தது.

"மைக்குக்குப் பாம்புக் காது. நீதான் சத்தம் போட்டுக் கெடுக்கற."

 அவருடைய மாண்டலின் நன்றாகப் பதியவேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமையானால் குழாய்க்கடியில் துணி போட்டுவைப்பாள். கண்ணாடி வளையலைக் கழற்றக்கூடாதே என்று முழங்கை வரை ஏற்றி, கைக்குட்டையால் கட்டிக்கொள்வாள். டீ வேண்டுமா என்று டம்ளரைத் தூக்கிக் காட்டிக் கேட்பாள். வாரத்தில் ஒரே ஒரு நாள் புருஷன் வீட்டிலிருக்கிற மதியம், அதையும் ஊமைபோல் கழித்தாள். டேப் நின்றதும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "முடிஞ்சிச்சா? பேசலாமா?" வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதே இடத்தில், அதே கையால், புதுப் பொட்டும் வைத்தாள்.

தொண்ணூற்று நான்கில் மஞ்சள் காமாலை வந்தது. தை மாதம் படுத்தவள் மாசியில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு துலுக்கானம் மாண்டலினைத் தொடவில்லை. பேசலாமா என்று கேட்க ஆளில்லாத வீட்டில் எதற்கு அமைதி? ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேனை முழு வேகத்தில் விட்டுவிட்டுப் படுத்திருப்பார். முகம் நினைவில் இருந்தது. சுவரில் போட்டோவும் இருந்தது. குரல்தான் தேய்ந்துகொண்டே போனது. அவள் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் வரும், அவற்றைச் சொன்ன குரல் வராது. அதற்காகவே சில நாள் அழுதார்.

வருஷத் திதிக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். துக்க வருஷம் என்று அந்தத் தடவை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கவில்லை. பழைய சந்தனம் காய்ந்து பொருக்காக இருந்தது. சுண்ணாம்புக்காரர்கள் மைக்கை மூட்டையோடு மூட்டையாகத் தூக்கிப் போட்டதில் அதுவும் உதிர்ந்துவிட்டது. வேலை முடிந்ததும் யாரோ அதை மறுபடி ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கெட்டுப்போய்விட்டதோ என்ற பயத்தில், சோதிப்பதற்காகத்தான், துலுக்கானம் மாண்டலினை எடுத்து ஒரு சின்ன மெட்டை வாசித்துப் போட்டுக் கேட்டார்.

மாண்டலின் மடியில் இருப்பதுபோல் கேட்டது. நரம்பு, மரம், அவருடைய மூச்சு, எல்லாமே கிட்டத்தில். எட்டு வருஷம் ஏங்கிய சத்தம்.

"பஞ்சு, இங்க வா! வந்து கேளு!" என்று கத்திவிட்டார்.

கத்திய பிறகுதான் நினைவு வந்தது.  அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, எழுந்து மைக்கை அரைவட்டம் திருப்பி வைத்து மறுபடி வாசித்தார். மாண்டலின் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. அவருக்கு விளங்கிவிட்டது. அத்தனை வருஷமும் அவர் வாசித்தது செவிட்டு முதுகுக்கு. மைக்கின் முகம் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டு, அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு கேசட்டாகப் போட்டார். மாண்டலின் தூரத்தில் எங்கோ ஒலிக்க, முன்னால் அவள் நடந்தாள். வெறுங்கால் தரையில் ஒட்டி எடுக்கிற சத்தம், இருமலை விழுங்குகிற சத்தம், துணி கட்டிய வளையல் மொத்தென்று எதிலோ படுகிற சத்தம். ஆனால் ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்! அவருக்குத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் தப்பித் தவறிப் பேசிய டேப்பையெல்லாம் பின்னால் சுற்றி, அதன் மேலேயே மறுபடி வாசித்து அழித்தவரும் அவர்தான்.

அப்போதுதான் பொறி தட்டியது. மறுபடி வாசித்தது கொஞ்சம் சீக்கிரம் முடிந்திருந்தால், அழித்ததன் வால் அதற்குப் பின்னால் அப்படியே இருக்குமே! தன் வாசிப்பு முடிந்ததும் பட்டனைத் தட்டிவிடுகிற ஆள், அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று என்றைக்குக் கேட்டார்?

ஒவ்வொன்றிலும் மெட்டு முடிந்த பிறகும் ஓடவிட்டார். வெறும் இரைச்சல். இன்னொன்று, இரைச்சல். நீல அட்டை போட்ட கேசட்டில் மாண்டலின் முடிந்தது. 'டக்' என்றது. பிறகு, தூரத்தில் அவருடைய குரல்: "ஏய், யாரு உன்ன பேசச் சொன்னது? எல்லாம் போச்சு!"

அதற்குப் பதிலாக, காதுக்குள்ளேயே, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள்:

"நீ கம்முனு இருந்தியா, முடிஞ்சிச்சின்னு நெனச்சிட்டேன் மாமா. சரி சரி, வாசி. நான் இங்கதான் கீறேன்."

தகர டப்பா மாதிரி இல்லவே இல்லை.

துலுக்கானம் முதலில் செய்த காரியம், கேசட்டை எடுத்து, மேல் விளிம்பில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்ததுதான். இனி அதன்மேல் யாரும், எதையும் பதிய முடியாது.

திதிக்குப் பேபி வந்தாள். வாசலிலேயே பையை வைத்துவிட்டு, பஸ்ஸில் பட்ட அவதியை வளையல் குலுங்கக் குலுங்கச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். டேப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துலுக்கானம், பழைய பழக்கத்தில், விரலைத் தூக்கினார்.

"உஷ்... அம்மா பேசுது."